எட்டுக்கு எட்டுக் கட்டம்

மருந்து இறங்கும்போது முதலில் குளிர்கிறது, பிறகு எரிகிறது, பிறகு தொண்டையின் அடியில் கசக்கிறது. கண்ணில் விட்டது தொண்டைக்கு எப்படிப் போகிறது என்று ஒவ்வொரு முறையும் கேட்க நினைத்து ஒவ்வொரு முறையும் மறந்துபோகிறேன். கண்ணைத் திறக்காதீங்கம்மா, கண்ணுப் பாப்பா விரியணும், அரை மணி நேரம் ஆகும் என்று சொல்லிவிட்டு அந்த நர்ஸ் பெண் பஞ்சை என் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். மூடிய இமைக்குள் ஆரஞ்சு நிறம். விளக்குக்கு நேர் கீழே உட்கார்த்தியிருக்கிறார்கள். இடப்பக்கம் யாரோ ஜெபமாலை உருட்டுகிறார்கள், அல்லது சில்லறையை. வலப்பக்கம் அருள். அவருடைய முழங்கால் ஆடுகிறது, பெஞ்சு முழுக்க அந்த ஆட்டம் ஓடி என் முதுகில் முடிகிறது. சந்தோஷமாக இருந்தால் அவருக்கு முழங்கால் ஆடும். எழுபத்தெட்டு வயதிலும். "அஞ்சாவது வரி, பிலோ! போன மாசம் மூணாவது வரியிலேயே நின்னுட்ட. இன்னைக்கு அஞ்சு!" என்று எழுத்துப் பலகையின் முன்னாலேயே சத்தமாகச் சொன்னார். எழுத்துக் காட்டிய பெண்கூடச் சிரித்தாள். நல்லா இருக்கு பாட்டிம்மா, கண்ணுல போட்ட ஊசி வேலை செய்யுது என்றாள். இப்போது அவர் பக்கத்து பெஞ்சுக்காரரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். "எங்க வீட்ல அஞ்சாவது வரி வாசிச்சிட்டாங்க. இடது கண்ணு மூணு வருஷத்துக்கு முன்னாடியே போயிட்டு. இது ஒண்ணுதான் மிச்சம். இது நிக்குதுன்னா போதும், ஆண்டவரு வேற ஒண்ணும் தர வேண்டாம்." பக்கத்து பெஞ்சுக்காரர் சரிதான் சரிதான் என்கிறார். நான் வாசிக்கவில்லை. அதை எப்படிச் சொல்வது. ஐந்தாவது வரியில் ஓர் எழுத்தைக்கூட நான் பார்க்கவில்லை.

நேராகப் பார்த்தால் நடுவில் ஒன்றும் இருக்காது. கறுப்பு இல்லை, கறுப்பாக இருந்தால்கூடப் பரவாயில்லை, கறுப்பு ஒரு பொருள். இது ஈரத் துணியால் சிலேட்டைத் துடைத்த இடம் மாதிரி. கொஞ்சம் விலக்கிப் பார்த்தால் ஓரங்கள் கிடைக்கும். இடது ஓரத்தில் ஒரு குச்சி, அடியில் ஒரு கோடு. குச்சி நேராக இறங்கிக் கோட்டில் சேர்ந்தால் ட, அல்லது ப. வலது ஓரத்தில் எதுவும் மேலே எழவில்லை என்றால் ட. எழுந்தால் ப. எழுந்தது உள்ளே சுருண்டால் ம. மேலே கோடு, இரண்டு கால், ஒரு கால் அடியில் சரிந்தால் ர. அவ்வளவுதான். பலகையில் போடும் எழுத்துகள் எல்லா ஊரிலும் ஏறக்குறைய அவையே, சுழி குறைந்தவை, எளியவை. நான் அவற்றைப் பார்க்க வேண்டியதில்லை, கூட்ட வேண்டும். அறுபத்து நான்கு, அறுபத்து நான்கு, அறுபத்து நான்கு, அறுபத்து நான்கு, அறுபத்து நான்கு, நூற்றிருபத்தாறு. அதுதான் ட. நாற்பது வருஷமாகியும் அந்த எண்கள் போகவில்லை. மாணவிகளின் பெயர்கள் போய்விட்டன. என் அம்மாவின் குரல் பாதி போய்விட்டது. ட போகவில்லை. ஏமாற்ற வேண்டும் என்று நான் அங்கே உட்காரவில்லை. இது என்னம்மா என்று அவள் குச்சியால் தட்டினாள். என் மூளை ஓரங்களைப் பொறுக்கிக் கூட்டி விடையைச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது, பார்க்கவில்லை என்று. அதற்குள் அருள் கையைத் தட்டிவிட்டார்.

அந்தப் பெட்டி வந்தது எண்பத்து நான்கில். அருளின் அண்ணன் குவைத்திலிருந்து வரும்போது எனக்கு ஒரு புடவையும் இவருக்கு அதையும் கொண்டுவந்தார். கறுப்பாக, தட்டையாக, ஒரு பெரிய நோட்டுப் புத்தகம் போல. விசைகள் ரப்பரில். தொட்டால் குழந்தையின் காது மடல் மாதிரி மெத்தென்று அழுந்தும். ஓரத்தில் சாய்வாக நான்கு நிறக் கோடு. ஸ்பெக்ட்ரம் என்று பெயர். கம்ப்யூட்டர் என்றால் குளிரூட்டிய அறை, வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும் என்று தெரிந்திருந்த காலத்தில், எங்கள் பாளையங்கோட்டை வீட்டில் அது பாயின் மேல் கிடந்தது. அதற்குத் திரை கிடையாது, டிவியில் மாட்ட வேண்டும். தெருவிலேயே இரண்டு டிவி, ஒன்று எங்களுடையது. கொடைக்கானல் டிவி கோபுரம் வராத நாட்கள். ஆன்டெனாக் கம்பத்தைக் கிழக்கே திருப்பி வைத்து இலங்கை ரூபவாஹினியைப் பிடித்துப் பார்ப்போம். ஞாயிற்றுக்கிழமை ஆனால் அடுத்த வீட்டு லூர்து அக்கா நிலைப்படியில் நின்றுகொண்டு, "ஏட்டி பிலோ, ஒம் மாப்பிளை டிவியில கட்டம் போட்டு வெளையாடுதாரே, படம் எப்பட்டி போடுவாரு? எங்க வீட்டுப் பிள்ளைய சோறு திங்காமக் கெடக்கு" என்பாள். இவர் திரும்பாமலே, "இன்னும் பத்து நிமிஷம் அக்கா, டேப்பு ஏறுது" என்பார். டேப்பு என்றால் பாட்டுக் கேட்கிற சாதாரண கேசட். அதில்தான் நிரல் இருக்கும், சத்தமாக. கீச்சென்று ஒரு நீண்ட ஓலம், பிறகு ஆயிரம் தவளை. திரையின் விளிம்பில் நீலமும் மஞ்சளும் கோடுகோடாக ஓடும். ஏறி முடிகிற நேரத்தில் கரண்டு போகும். அக்கா கையை மேலே தூக்கி, சேசுவே தோத்திரம் என்பாள். அருள் பெட்டியின் மேல் கை வைத்துப் பார்ப்பார், இன்னும் சூடாக இருக்கிறதா என்று. சூடு இருந்து என்ன, உள்ளே எல்லாம் அழிந்திருக்கும்.

அருளுக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை, வீட்டுக்கு வந்தால் அந்தப் பெட்டிதான். உள்ளே இருக்கும் சிப்புக்கு இசட் எயிட்டி என்று பெயர். ஒன்று கெட்டால் இருக்கட்டும் என்று சென்னை ரிச்சி தெருவில் இன்னொன்று வாங்கி வந்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். இரண்டு பக்கமும் இருபது இருபது கால், பூரான் கவிழ்ந்து கிடப்பதுபோல. நான் தொடமாட்டேன் என்றேன். பள்ளிக்கூடத்து பிசிக்ஸ் வாத்தியார் தேவசகாயம் அதைப் பார்க்க வந்தார். அவருடைய பள்ளிக்கு அரசாங்கம் பிபிசி என்ற இயந்திரங்கள் கொடுத்திருந்தது, அவற்றுக்குள் வேறு சிப்பு, ஆறாயிரத்து ஐநூற்று இரண்டு. இரண்டு பேருக்கும் சண்டை அங்கேதான். "வே அருளு, ஒம்ம ஆளு ஒரு கூட்டல் போட நாலு துடிப்பு எடுக்கும். எங்க ஆளு ரெண்டே துடிப்பு." இவர் விடமாட்டார். "ஒம்ம ஆளுக்குக் கை மூணுதானவே. ஒரு கையில சாமான் இருந்தா மத்ததைக் கீழ வச்சிட்டுத்தான் எடுக்கணும். எங்காளுக்கு எத்தனை கை தெரியுமா? மறைச்சு வச்ச கை வேற." மறைத்து வைத்த கை என்றது உண்மை. சிப்புக்குள் எண்களை ஏந்தி வைக்கிற இடங்கள் சில உண்டு. இசட் எயிட்டியில் அதே பெயரோடு இன்னொரு வரிசையும் உள்ளே ஒளிந்திருந்தது. ஒரு கட்டளை கொடுத்தால் இது அங்கே போகும், அது இங்கே வரும். இரண்டையும் ஒரே நேரத்தில் பார்க்க முடியாது. காபி டம்ளரைக் கழுவிக்கொண்டே கேட்டு, அன்றைக்கு முழுவதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்குள்ளும் என் பெயரோடு ஒருத்தி, கட்டளை வராததால் வெளியே வராதவள். இப்போது எனக்கு எதற்கு அது. பெஞ்சு ஆடுவது நின்றுவிட்டது. எங்கே போனார்? "காபி வாங்கப் போயிருக்காருங்கம்மா" என்கிறது இடப்பக்கக் குரல். ஜெபமாலைதான், சில்லறை இல்லை.

தமிழில் எழுத வைக்க முடியுமா என்று கேட்டது நான்தான். கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறவள், வீட்டில் ஒரு பெட்டி ஆங்கிலம் மட்டும் பேசிக்கொண்டிருந்தது பொறுக்கவில்லை. நாமாக வரைந்து தருகிற எழுத்துக்கு அதில் இருபத்தோரு இடம் இருந்தது. நம்மிடம் இருநூற்று நாற்பத்தேழு. ஒவ்வொரு எழுத்தும் எட்டுக்கு எட்டுக் கட்டத்துக்குள் அடங்க வேண்டும். ண அடங்கவே இல்லை, மூன்று சுழி போட்டால் மூன்றும் ஒட்டிக்கொண்டு கம்பளிப்பூச்சி ஆனது. ஞ பக்கம் போகவே வேண்டாம் என்றார். ழ வேண்டும் என்று நான் அடம்பிடித்தேன். "ழ இல்லாட்டி மழை எப்படி எழுத?" "மலைன்னு போடு. வாசிக்கவங்க புரிஞ்சுக்குவாங்க." மூன்று நாள் நான் அவரோடு பேசவில்லை, பாதி விளையாட்டு, பாதி நிஜம். ழவுக்கு இடம் கிடைத்தது. கட்டத் தாளில் நான் வரைவேன், நிரப்பிய கட்டங்களுக்கு ஒன்று, இரண்டு, நான்கு என்று இரட்டித்து எண் போட்டு வரிவரியாகக் கூட்டுவேன். எட்டு வரி, எட்டு எண், ஓர் எழுத்து; மேலும் கீழும் விட்ட வெற்று வரிக்குப் பூஜ்யம். முதலில் சுலபமானதைச் செய்து பார்ப்போம் என்று ப போட்டோம். திரையில் அழகாக வந்தது, சின்னத் தொட்டில் போல. அந்த நம்பிக்கையில் மூன்று ஞாயிறு உட்கார்ந்து மிச்சம் இருபதையும் கூட்டி முடித்தேன். ஏற்றினால் எல்லாம் கண்ணாடியில் பார்த்த மாதிரி திரும்பி நிற்கின்றன. டவின் குச்சி வலது பக்கம். ரவின் கால் ஊருக்கு எதிர்ப்புறம் சரிகிறது. எண் மதிப்பு வலது ஓரத்தில் ஒன்றில் தொடங்கி இடப்பக்கம் ஏறிக்கொண்டே போக வேண்டுமாம். நானோ வாசிக்கிறவள், இடப்பக்கத்தில் தொடங்கிவிட்டேன். ப இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்ததால் என் தவற்றைக் காட்டிக்கொடுக்கவில்லை. தேவசகாயம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "டீச்சர், ஒங்க தமிழு அரபு நாட்டுப் பெட்டிக்கு வந்து வலமிருந்து இடமா ஓடுதே!" நான் அடுக்களைக்குள் போய்விட்டேன். அருள் அன்று மத்தியானம் சாப்பிடக்கூட எழவில்லை. நான் மறுபடி கூட்ட வேண்டாம் என்பதற்காக, ஒவ்வொரு வரியையும் ஒரு பக்கம் தள்ளி, விழும் புள்ளியை மறுபக்கமாகப் பிடித்து அடுக்குகிற ஒரு சின்ன நிரலை அந்தச் சிப்பின் பாஷையிலேயே எழுதினார். பிலோ, இங்க வா என்று கூப்பிட்டார். விசையைத் தட்டினார். இருபத்தோரு எழுத்தும் ஒரே நொடியில் என் பக்கம் முகம் திருப்பின. புது எண்களைத் தாளில் எழுதி மனப்பாடம் செய்தேன், டவின் இரண்டுகள் எல்லாம் அறுபத்து நான்கு ஆகியிருந்தன. பிறகு அந்த எழுத்துகளை வைத்து என்ன எழுத முடியுமோ அதை எழுதினேன். மழை வர வர மரம் மறைய, மரம் மறைய மறைய மழை. பல பெரிய சொற்களைப் பிறகு எழுதிவிட்டேன், புத்தகமாகவும் வந்தன. அந்த வரியைப் போல ஒன்றும் சரியாக அமரவில்லை. வேறு சொல்லுக்கு இடமே இல்லாததால் இருக்கலாம்.

இரண்டாவது சொட்டு. குளிர், எரிச்சல், கசப்பு. கண்ணைத் துடைக்காதீங்கம்மா. கையில் டம்ளர் சூடு. அருள் வந்துவிட்டார். "ஆத்தித்தான் கொண்டாந்திருக்கேன், மெதுவாக் குடி. சக்கரை கொஞ்சம் தூக்கல். இன்னைக்கு ஒரு நாள் போவட்டும்." இன்றைக்கு ஒரு நாள். இப்போதே சொல்லிவிடலாம். என்னங்க, நான் அதை வாசிக்கவில்லை, கணக்குப் போட்டேன். அவ்வளவுதான் வாக்கியம், எட்டுச் சொல்கூட இல்லை. சொன்னால் முழங்கால் நின்றுவிடும். உள்ளே இருக்கும் கருவி எப்படியும் சொல்லப் போகிறது. கண்ணுக்குள் பச்சைக் கோடு ஓட்டிப் படம் எடுக்கிற கருவி, அதனிடம் என் கூட்டல் செல்லாது. அது சொல்வதற்குள் அவருக்கு இன்னும் கால் மணி நேரமாவது கிடைக்கட்டும். யாருக்காகச் சொல்லாமல் இருக்கிறேன், அவருக்காகவா? காபி இனிப்பாக இருக்கிறது. நினைவு என்பது தானாக நிற்காது, பிலோ, என்று ஒருநாள் சொன்னார். அந்தப் பெட்டியின் நினைவகம் ஓட்டைப் பானை மாதிரியாம். வைத்ததை ஒரு கண நேரத்தில் மறந்துவிடும். அதனால் யாராவது ஓயாமல் அதை வாசித்துக்கொண்டே இருக்க வேண்டும். வாசித்தால்தான் நிற்கும். அந்த வேலையை இசட் எயிட்டி யாரும் சொல்லாமலே செய்யும், ஒவ்வொரு கட்டளைக்கும் நடுவே கிடைக்கிற சின்ன இடைவெளியில் ஒரு வரிசையைத் தொட்டு வாசித்துவிட்டு நகரும். அன்றைக்கு அது எனக்கு அழகாக இருந்தது. இன்றைக்கு அதிலேயே வந்து வந்து இடறுகிறேன். நான் வாசிப்பதை நிறுத்தினால் எனக்குள் இருப்பது எவ்வளவு நாள் நிற்கும்? மூன்று வயதிலிருந்து ஒரு நாள் விடாமல் வாசித்தேன். கடலை மடித்த தாளைக்கூட விடவில்லை. வாசிக்காத ழ எனக்குள் எவ்வளவு நாள் ழவாக இருக்கும்? முதலில் சுழி போகுமா, கால் போகுமா? கேட்டுத் தெரிந்துகொள்ளலாம், பேசும் புத்தகங்கள் இருக்கின்றன, மருமகள் போனில் போட்டுத் தருகிறேன் என்றாள். காதில் விழுவது வரி இல்லை. வரியின் நடுவில் விரலை வைத்து நிறுத்தி, மேலே போய், திரும்பி வர காதால் முடியாது. பயம் என்றால் இருட்டைப் பற்றி இல்லை. இருட்டாகவும் ஆகாது என்கிறார்கள். எல்லாம் தெரியும், ஓரத்தில். நேராக எதைப் பார்க்கிறேனோ அது மட்டும் இருக்காது. அந்தச் சிப்பைச் செய்வதை நிறுத்தப் போகிறார்கள் என்று போனில் செய்தி வந்ததே, இரண்டு வருஷம் இருக்குமா? நாற்பத்தெட்டு வருஷமாகச் செய்துகொண்டிருந்தார்களாம், எனக்கு ஆச்சரியம், அது எப்போதோ செத்துவிட்டது என்று நினைத்திருந்தேன். அருள் அன்று சவரம் செய்துகொள்ளவில்லை. எங்கள் பெட்டி அதற்கு எத்தனையோ வருஷம் முன்பே வாய் மூடிவிட்டது, பள்ளியின் இயந்திரங்கள் எடைக்குப் போயின, தேவசகாயம் சார் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார். எங்கோ ஓர் இடத்தில் அதை இன்னும் செய்துகொண்டிருக்கிறார்கள் என்பது இவருக்கு ஏதோ ஒரு தைரியமாக இருந்திருக்கிறது. அது எனக்குத் தெரியாது. நாற்பது வருஷம் ஒரே பாயில் உட்கார்ந்தும் அது தெரியவில்லை.

பிலோமினா அருளானந்தம், உள்ள வாங்க. அருள் கையைப் பிடித்துக்கொள்கிறார். மோவாயை வைக்கிறேன், நெற்றியை ஒட்டுகிறேன், பச்சைச் சிலுவையைப் பாருங்கள் என்கிறார்கள், பார்க்கிற இடத்தில் அது இல்லை, பார்க்கிறேன் என்கிறேன். பிறகு டாக்டரின் அறை. சின்னப் பெண், குரலில் வடசேரிப் பக்கம் தெரிகிறது. விசைகளைத் தட்டும் சத்தம், பிறகு தட்டாத சத்தம். "அம்மா, ஒளிவு மறைவில்லாமச் சொல்லிருதேன். நடுவுல தழும்பு விழுந்துட்டு. இனி ஊசி போட்டுப் பிரயோசனம் இல்ல." தாளைப் புரட்டுகிறாள். "ஆனா எனக்கு ஒண்ணு புரியல. இந்தப் படத்த வச்சுப் பாத்தா உங்களுக்கு மேல் வரியே தெரியக் கூடாது. அஞ்சாவது வரி வாசிச்சதா எழுதியிருக்காங்களே?" நான் வாயைத் திறக்கிறேன். அதற்குள் பக்கத்திலிருந்து, சாதாரணமாக, பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோல, அருள் சொல்கிறார். "அவ வாசிக்கல டாக்டர். கணக்குப் போட்டா." மேசையில் தாளை வைக்கும் சத்தம். "வாசிச்சான்னா மடமடன்னு போவா. அம்பது வருஷமாக் கேக்கேன்லா. எழுத்துக்கு எழுத்து நின்னான்னா கூட்டுதான்னு அர்த்தம்." டாக்டருக்குப் புரியவில்லை, என்ன கூட்டல் என்று கேட்கிறாள். அது எங்க ரெண்டு பேருக்குள்ள உள்ளது, விடுங்கம்மா என்கிறார். அப்படியென்றால் அவருக்குக் காலையிலேயே தெரியும். கையைத் தட்டியபோது தெரியும், பக்கத்து பெஞ்சுக்காரரிடம் சொன்னபோது தெரியும், சர்க்கரை தூக்கலாகப் போடச் சொன்னபோது தெரியும். டாக்டர் பேசிக்கொண்டிருக்கிறாள். நடமாடலாம், ஓரப் பார்வை அப்படியே இருக்கும், சமையல்கூடச் செய்யலாம், பயப்படாதீங்க, நேராப் பாக்கிறதுதான் கஷ்டம். நான் அருளைத் திரும்பிப் பார்க்கிறேன். கழுத்துவரை சட்டை இருக்கிறது, மேலே நரைத்த முடி இருக்கிறது, நடுவில் துடைத்த சிலேட்டு. அவரைப் பார்க்க வேண்டுமென்றால் அவரைப் பார்க்கக் கூடாது. முகத்தை மெதுவாக விலக்கி, எதிர்ச் சுவரில் மாட்டியிருக்கும் நாள்காட்டியில் கண்ணை நிறுத்துகிறேன். நாள்காட்டி மறைகிறது. ஓரத்தில் அவர் வருகிறார், மங்கலாக, ஆனால் முழுதாக. சத்தமே இல்லாமல் அழுதுகொண்டிருக்கிறார். வாய் ஒரு பக்கமாகக் கோணியிருக்கிறது, தோள் குலுங்குகிறது, மறைப்பதற்குக் கையைக்கூடத் தூக்கவில்லை, எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். "என்னம்மா, தேதி பாக்கீங்களா?" என்கிறாள் டாக்டர். ஆமா, என்ன கிழமைன்னு பாக்கேன் என்கிறேன். செவ்வாய் என்கிறாள். செவ்வாயா, என்கிறேன். அவர் வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்து முடிக்கும்வரை நான் அந்த நாள்காட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.